டைம்கீப்பர் மகளின் குரல்

பூவாணிக்குளம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருக்கிற சிவனணைந்தானுக்கு ஒரே மகள், பெயர் இசக்கிப்பிரியா, அவளுக்குக் குரல் பிந்தி வரும். எதிரே ஒரே ஒரு ஆள் இருந்தால் ஒரு குறையும் கிடையாது, உதடு அசைந்ததும் சொல் வந்துவிடும். மூன்று பேர் நான்கு பேர் என்றால் ஊற்றி வைத்த காப்பி ஆறுகிற நேரம் ஆகும். வகுப்பு என்றால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். கல்யாண வீட்டுக் கூட்டம் என்றால் மறுநாள்தான், பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது. ஆனால் ஒன்று, பிந்துமே தவிரத் தவறாது. யாரைப் பார்த்துச் சொன்னாளோ அவர் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப்போய், அவர் காதோரத்தில், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, அவள் சொன்ன அதே தொனியில் ஒலித்துவிட்டு அடங்கிவிடும்.

ஏன் அப்படி என்று ஊர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்கு முடி நீளம், ஒருத்திக்குப் பூனைக்கண், இவளுக்குக் குரல் லேட், அவ்வளவுதான். டைம்கீப்பர் வீட்டுக்குள்ளேயே லேட்டா என்று டீக்கடையில் கொஞ்ச நாள் சிரித்தார்கள், பிறகு அந்தச் சிரிப்பும் புளித்துப்போய்விட்டது. மூன்றாம் வகுப்பு ஞானசௌந்தரி டீச்சர், பிள்ளையைக் கண்ணால் பார்த்தாலும் காதால் கேட்காமல் வருகைப் பதிவு போடமாட்டாள், சட்டம் என்றால் சட்டம் என்கிற ரகம். சாயங்காலம் வீட்டு முற்றத்தில் மீன் அறுத்துக்கொண்டிருக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்று காதோரத்தில் வரும், "சரி" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் போடுவாள். மினி பஸ் கண்டக்டருக்கு இவள் ஏறினாலே எங்கே விசில் ஊத வேண்டும் என்று தெரியும். "நிப்பாட்டுங்கண்ணே" என்கிற சொல் அவன் கடைசி ஸ்டாப்பில் வடையைக் கடிக்கும்போது வந்து சேரும், "நிப்பாட்டியாச்சு தாயி" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு மீதி வடையைத் தின்பான். சின்னப்பிள்ளையில் தெருவில் சண்டை வந்தால் அவள் திட்டின திட்டு வந்து சேர்வதற்குள் சண்டை முடிந்து, திட்டு வாங்கினவளும் அவளும் ஒரே குச்சி ஐஸை மாற்றி மாற்றிச் சப்பிக்கொண்டிருப்பார்கள். இப்படியாக ஊர் அவளோடு ஒத்துப்போய்விட்டது. அவளுக்குத்தான் அது நெஞ்சில் தைத்த முள், ஏனென்றால் ஒத்துப்போனார்களே ஒழிய, ஒரு காரியத்தை முடிவு பண்ணுகிறபோது அவள் குரல் வரட்டும் என்று யாரும் நின்றதில்லை.

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் ஒரு வேன் நிறைய, போதாததற்குத் தெருவில் பாதி. நடுவீட்டில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையின் அம்மா, "பிள்ளைக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். நல்ல மனுஷிதான். இசக்கிப்பிரியா அப்பாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. "மௌனம் சம்மதம்லா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்து, தட்டு மாறி, வெற்றிலை மடித்து, கேசரி தீர்ந்து, வேனும் கிளம்பிப் போனது.

மறுநாள் காலையில் சிவனணைந்தான் டைம் ஆபீஸில் உட்கார்ந்து மைக்கில், "தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்லும் பேருந்து" என்று சொல்லி மூச்சு வாங்கின இடத்தில், அதே மைக்கில், "எனக்கு வேண்டாம்ப்பா, எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்" என்று மகளின் குரல் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது. செங்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு பேர், எதற்கும் இருக்கட்டும் என்று இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நேத்தே சொல்லிருக்கலாம்லா தாயி."

"நேத்துதாம்ப்பா சொன்னேன்."

அவர் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். "நாலு பேரு முன்னால வெத்தலை மாத்தி, தையில கல்யாணம்னு பேசியாச்சு. சும்மா வேண்டாம்னா காரணம் கேப்பாங்க, நான் என்னத்தச் சொல்ல? தைக்குள்ள உனக்கு ஒரு வேலை கெடச்சிட்டா, பிள்ள வேலைக்குப் போறா, ரெண்டு வருசம் போட்டும்னு சொல்லி நிப்பாட்டிருவேன். இல்லேன்னா என்னால ஆகாது" என்றார். கெட்டவர் இல்லை. நேரத்துக்கு வராத பஸ்ஸைப் பற்றி வருத்தப்படுவாரே தவிர, அதற்காக மற்ற பஸ்ஸை நிறுத்தி வைக்கிற பழக்கம் அவர் உத்தியோகத்தில் கிடையாது.

தைக்கு இன்னும் நாள் இருந்தது, வேலை கொடுக்கக் கம்பெனிகளும் வந்துகொண்டுதான் இருந்தன. எழுத்துப் பரீட்சை என்றால் அவள் முதல் ஆளாகத் தேறுவாள். கடைசியில் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற கட்டத்திலும் பயமில்லை, எதிரே ஒருவர்தானே. ஆனால் நடுவில் பாழாய்ப்போன குரூப் டிஸ்கஷன் ஒன்று வைத்திருக்கிறார்களே, வட்டமாக உட்காரவைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்து, எல்லோரும் பேசுங்கள் என்று விட்டுவிட்டு, யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பது, அதில்தான் ஒவ்வொரு தடவையும் அடிபட்டுப் போனாள். அவள் சொன்ன கருத்தெல்லாம் அருமையான கருத்து. அது கேட்க வேண்டியவர்களைத் தேடிப் போகும்போது ஒருவர் ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் ரயிலில் வாஞ்சி மணியாச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தார். பிளேஸ்மென்ட் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கான்ஃபிடன்ஸை வளத்துக்கோம்மா, கண்ணைப் பாத்துப் பேசு" என்றார். விஷயம் அதில்லை சார் என்று அவள் அங்கேயே, அப்போதே, கணீரென்று சொன்னாள். அவருக்குக் காது பிந்தி வரும்போலிருக்கிறது.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த லூர்து மெல்பாதான் விஷயத்தைச் சரியாகப் பிடித்தாள். மெல்பா கடற்கரைக்காரி, அவள் அம்மா கரையில் மீன் ஏலம் கூறுகிறவள், மகளுக்கும் அந்தத் தொண்டை.

"உனக்குப் பேச்சு வராம இல்லட்டி. உம் பேச்சு பஸ்ஸ விட்டுருது, அம்புட்டுத்தான். முன்னாடியே அனுப்பி விட்டா என்ன?"

"என்ன பேசுவாங்கன்னு தெரியாம எப்படி முன்னாடியே சொல்ல?"

"எங்கம்மா வள்ளம் கரையத் தொடுததுக்கு முன்னாடியே விலைய நெனச்சு வச்சிருவா. வள்ளம் எம்புட்டு அமுங்கி வருது, எந்தப் பக்கமிருந்து வருது, காக்கா எப்படிச் சுத்துது, எல்லாத்தையும் பாப்பா. வள்ளம் வந்தப்புறம் யோசிக்கவ ஏலத்துல நிக்க முடியுமா?"

அன்றையிலிருந்து விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில், ஒரு மேஜையைச் சுற்றி எட்டுப் பெண்களை உட்காரவைத்து மெல்பா பயிற்சி நடத்தினாள். அந்த எட்டுப் பேருக்கு நடுவில் இசக்கி ஒன்று சொன்னால் சாம்பார் வாளி கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகு கேட்கும். ஆகவே வாளி கிளம்பும்போது சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வது என்பது பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தால்தானே தெரியும்? அதற்காக அவள் மற்றவர்கள் பேசுவதை, சும்மா இல்லை, தோல் உரித்துப் பார்க்கிற மாதிரிக் கேட்க ஆரம்பித்தாள். சண்முகவடிவு எதில் தொடங்கினாலும் தன் அண்ணன் கதையில் வந்து நிற்பாள். ஜாஸ்மின் ஆமாம் என்று ஆரம்பித்து இல்லை என்று முடிப்பாள். அன்னபுஷ்பம் குரலை உயர்த்தினால் அவளிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் பிடிபடப் பிடிபட, எட்டுப் பேரும் இட்லியிலும் சினிமாவிலும் இருக்கும்போதே இசக்கி எதிரே பார்த்து உதட்டை அசைத்துவிடுவாள். வாளி ஒரு சுற்று வந்து, பேச்சு ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கிற நேரம் பார்த்து, "ரெண்டு பேரும் சொல்லது ஒண்ணுதான், அவ காலையிலிருந்து பாக்கா, நீ ராத்திரியிலிருந்து பாக்க" என்று வந்து விழும். மேஜை கப்சிப்பென்று ஆகிவிடும்.

விடுதியும் இதற்குப் பழகிவிட்டது. பரிமாறுகிற அக்கா, வாளியை அவள் மேஜைப் பக்கம் கொண்டுபோகும்போது நடையை மெதுவாக்கினாள். வார்டன் கூடத்துக்குள் வந்தால், "யாரும்மா பேசினது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எப்பப் பேசினது?" என்று கேட்டாள்.

மார்கழியில் ஒரு கம்பெனி வந்தது. பல கல்லூரிப் பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டித் தேர்வு வைத்தார்கள். தைக்கு முன்னால் இதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும், இசக்கிக்கு இரண்டு மடங்கு தெரியும். காலையில் கிளம்பும்போது அவளுக்கு இட்லி இறங்கவில்லை. அறிமுகமில்லாத பிள்ளைகள், யார் எந்தக் கதையில் போய் நிற்பார்கள் என்று எப்படித் தெரியும்? அதற்கும் மெல்பா ஒரு வழி வைத்திருந்தாள். போன வருஷம் தேறின அக்காமார் நாலு பேரிடம் விசாரித்துவிட்டாள், இந்தக் கம்பெனி வருஷா வருஷம் ஒரே தலைப்புத்தான் கொடுக்குமாம்: ஆன்லைன் வகுப்பு நல்லதா, நேர் வகுப்பு நல்லதா. அதற்கு ஒரு பதில் தயாராகிவிட்டது. காத்திருக்கும் ஹாலில் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டு, "இந்தக் கூட்டத்துக்கு மத்தியானம் ஆகும், உன்னய மத்தியானம்தான் உள்ள கூப்பிடுவாவ. இப்பச் சொல்லிரு" என்றாள் மெல்பா.

அந்த நேரம் பார்த்து, மதிப்பெண் போடுகிற மூன்று பேரும் ஹாலைக் கடந்து உள்ளே போனார்கள். நடுவில் போன ஜெயக்கொடி என்கிற அம்மாளைப் பார்த்து இசக்கி, "நேர் வகுப்புதான் மேடம் நல்லது, பிள்ளைங்க முகத்தைப் பாத்தாத்தான் புரிஞ்சுதா புரியலையான்னு வாத்தியாருக்குத் தெரியும்" என்று உதட்டை அசைத்து அனுப்பிவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணைக் கவனித்தாள். துப்பட்டா நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கி வைத்திருந்தாள். பெயர் மாரிக்கனி, வேறொரு கல்லூரி, இசக்கி இருந்த அதே குழு. "அக்கா, எனக்கு நாலு பேரு முன்னால வாயே வராது. போன தடவை அழுதுட்டு வெளிய ஓடி வந்துட்டேன்" என்றாள். இசக்கிக்குத் தன்னைத்தானே பார்ப்பதுபோல் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத. நீ சொல்ல வந்ததச் சொல்லு, நாங்க கேக்கோம்" என்றாள். கூட்டத்தில் சொன்னதாகையால் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைவதைப் பார்த்த மாரிக்கனி, பாவம், இந்த அக்காவுக்கும் பயத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்து அழுத்திக்கொடுத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். வட்டமாக நாற்காலி. ஜெயக்கொடி மேடம் தலைப்பைச் சொன்னார்: "உங்க ஊர் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாத்தலாமா, கூடாதா?"

பஸ் ஸ்டாண்டைப் பற்றி இசக்கிக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் குரல் ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டதே. நீலச்சட்டைப் பையன் ஒருவன், வெளியே மாற்றினால்தான் நெரிசல் குறையும் என்று ஆரம்பித்தான், இன்னொருத்தி அவனை முடிக்கவிடாமல் பாய்ந்தாள், மூன்றாவது ஆள் இருவர் மேலும் ஏறினான், நான்காவது ஆள் மேஜையைத் தட்டினான். சரியாக அந்த நேரத்தில் ஜெயக்கொடி மேடத்தின் காதோரத்தில், "நேர் வகுப்புதான் மேடம் நல்லது, பிள்ளைங்க முகத்தைப் பாத்தாத்தான் புரிஞ்சுதா புரியலையான்னு வாத்தியாருக்குத் தெரியும்" என்று வந்து சேர்ந்தது.

"வாத்தியாரா பஸ் ஓட்டுதாரு?" என்றான் ஒருவன். வட்டம் முழுக்கச் சிரித்தது.

வள்ளத்தில் வருவது சாளை மீன் என்று ஏலம் போட்டாயிற்று, இறங்கினதோ நெத்திலி. இசக்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. தை மாசமும் வேனும் ஜமுக்காளமும் கண் முன்னால் வந்து நின்றன. சிரிப்பு அடங்கினதும் மறுபடியும் இரைச்சல், முன்னைவிட இரைச்சல், ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு ஏறினார்கள். மாரிக்கனி துப்பட்டாவை முறுக்கிக்கொண்டு கதவைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

அப்போது அவள் காதோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. இரைச்சல் இல்லை, அதட்டல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிற குரல்.

"பயப்படாத. நீ சொல்ல வந்ததச் சொல்லு, நாங்க கேக்கோம்."

எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். 'நாங்க' என்று சொன்னபிறகு, அந்த நாங்களில் தானும் உண்டு என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். மேஜையைத் தட்டினவன்கூடக் கையை மடியில் வைத்துக்கொண்டு மாரிக்கனியைப் பார்த்தான். மாரிக்கனி இசக்கியைப் பார்த்தாள். காலையில் அசைந்த உதடு அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"எங்க ஊர்ல மாத்திட்டாங்க" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "எங்கம்மா பூ விக்கா. மொதல்ல ஒரே பஸ்ல வந்து எறங்குத எடத்துலயே உக்காந்துருவா. இப்ப வெளிய எறங்கி, இன்னொரு பஸ்ஸுக்கு நின்னு உள்ள வரணும், அதுக்குள்ள பூவு வாடிருது. வாடுன பூவ யாரு வாங்குவா? நெரிசல் கொறஞ்சது உண்மைதான். அம்மாவும் கொறஞ்சு போயிட்டா."

நீலச்சட்டைக்காரன், "அப்போ எப்படி வெச்சா உங்க அம்மாவுக்குச் சரியா இருக்கும்?" என்று கேட்டான். அன்றைக்கு அந்த அறையில் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அதன்பிறகு பேச்சு பேச்சாக நடந்தது. இசக்கி அழுகையை மறந்து, சாப்பாட்டுக்கூடத்தில் கேட்ட மாதிரி, ஒவ்வொருவரையும் தோல் உரித்துக் கேட்டாள். முடிவு என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜெயக்கொடி மேடத்தைப் பார்த்து உதட்டை அசைத்தாள், மணி அடிப்பதற்குள் வராது என்று தெரிந்தே முழுவதையும் சொன்னாள். மணி அடித்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்து வெளியே வந்தார்கள்.

படிக்கட்டில் மெல்பா காத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டு, "அய்யோ, நாந்தான் கெடுத்தேன்" என்று தலையில் கை வைத்தாள். "நீ கெடுக்கலட்டி" என்றாள் இசக்கி, ஆனால் அதுவும் படிக்கட்டுக் கூட்டத்தில் சொன்னது, மெல்பாவுக்கு அன்று சாயங்காலம்தான் கேட்டது.

கதவு திறந்து ஜெயக்கொடி மேடம் கையில் டீ டம்ளரோடு வெளியே வந்தார். "பயப்படாதேன்னு சொன்னது யாரு?" என்றார். மாரிக்கனி இசக்கியைக் காட்டினாள். "இவங்கதான் மேடம், காலையில சொன்னாங்க." மேடம் அதற்கு ஏன் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை, இசக்கியைத் தனியாக வராந்தாக் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் கடைசியில சொன்னது வந்துச்சா மேடம்?" என்றாள் இசக்கி. ஒருவர்தானே எதிரே, உடனே வந்தது.

"இப்பத்தான் வந்துச்சு. இந்தப் பிள்ளைங்க ஒரு முடிவுக்கும் வரலியேன்னு நாங்க மூணு பேரும் பேசிக்கிட்டு இருந்தோம். காலி நாற்காலிங்களுக்கு நடுவுல உன் குரல். நீலச்சட்டையும் அந்தப் பூக்காரப் பிள்ளையும் சொல்றது ஒண்ணுதான், வெளியூர் பஸ் வெளியே நிக்கட்டும், காலையில சரக்கு கொண்டு வர்ற டவுன் பஸ் மட்டும் உள்ளே வரட்டும்னு."

"லேட் ஆயிட்டு மேடம்."

"எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு மீட்டிங் முடிஞ்சு மறுவாரம்தான் யோசிக்கவே ஆரம்பிக்கறாங்க" என்றார் மேடம். "நீ வந்தா, மீட்டிங் முடிஞ்சதும் ரூமைப் பூட்டாம வெச்சிருக்கச் சொல்றேன். அவ்வளவுதானே? வேலைக்கு வர்றியா?"

"வாரேன்" என்றாள். அந்தச் சொல்லும் உடனே வந்தது.

மாமரத்தடியில் தனியாகப் போய் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். செங்கோட்டை பஸ் கிளம்புகிற நேரம், டைம் ஆபீஸில் டிரைவர், கண்டக்டர், டீக்கடைப் பையன், சும்மா நிற்கிறவர்கள் என்று ஒரே கூட்டம். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்திருந்தார்.

"வேலை கெடச்சிட்டுப்பா" என்றாள். ஒன்றும் போகவில்லை. அந்தப் பக்கத்து இரைச்சல் மட்டும் கேட்டது. அவளுக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

"இரு தாயி" என்றார் அப்பா.

ஸ்பீக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி நகர்கிற சத்தம். "அண்ணாச்சி, வண்டி எடுக்கணும், டைம் ஆச்சு" என்று டிரைவர் கூப்பிடுவது கேட்டது. "நிக்கட்டும்வே" என்று அவர் சொல்வது கேட்டது. சிவனணைந்தான் ஒரு பஸ்ஸை நிற்கச் சொல்லி அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. நடக்கிற சத்தம், தகரப் படி ஏறுகிற சத்தம், பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"ரிப்பேர் பஸ்ஸுக்குள்ள ஏறி உக்காந்துருக்கேன். இங்க நான் மட்டுந்தான். இப்பச் சொல்லு."

"வேலை கெடச்சிட்டுப்பா."

"கெடச்சிட்டா" என்றார். மூக்கை உறிஞ்சினார். "சரி. அப்ப வேலையச் சொல்லி அவங்கள நிப்பாட்டிருதேன்."

"வேலை கெடைக்காட்டியும் எனக்கு வேண்டாம்ப்பா."

தூரத்தில் செங்கோட்டை பஸ் ஹாரன் அடித்தது, திரும்பவும் அடித்தது.

"சரி தாயி" என்றார். "அப்படியே சொல்லிருதேன்."

அவசரத்தில் போனை அணைக்காமலேயே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்போல. அவர் படி இறங்குவதும், நடப்பதும், நாற்காலியில் உட்காருவதும், மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் இசக்கிக்கு மாமரத்தடியில் கேட்டுக்கொண்டே இருந்தன. "தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்லும் பேருந்து" என்று சொல்லி அவர் மூச்சு வாங்கினார். அந்த இடத்தில், கூட்டத்தில் மாட்டிப் பிந்திப்போன அவளுடைய முதல் சொல் வந்து சேர்ந்து, பஸ் ஸ்டாண்ட் முழுக்க, "வேலை கெடச்சிட்டுப்பா" என்று மைக்கில் கேட்டது.

கண்டக்டர் விசில் ஊதினான். ஏறி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் இறங்கவில்லை.